மஸ்கி தூண்டில் மீன்பிடிப்பு அடுத்த தலைமுறைக்கும் நிலைக்க வேண்டுமானால்

கவார்த்தா வள்ளம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஒன்டாரியோவின் கவார்த்தா ஏரிகளில், பெரும்பாலும் பிஜன் ஏரியிலும் பக்ஹார்ன் ஏரியிலும், பதினொரு ஆண்டுகளாக நான் மஸ்கி பிடித்து வருகிறேன். பிடித்து வருகிறேன் என்று எழுதினாலும், இத்தனை ஆண்டுகளில் ஒரு மீனைக்கூட நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. இந்த மீனை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மஸ்கி என்று நாங்கள் சுருக்கி அழைக்கும் மஸ்கலஞ்ச், நம் கடற்கரையின் சீலாவைப் போல நீண்ட உடலும் வாத்தின் அலகைப் போலத் தட்டையான வாயும் கொண்ட நன்னீர் மீன். ஏரியில் அதற்கு மேலான வேட்டை மீன் வேறு இல்லை. பத்தாயிரம் முறை வீசினால் ஒன்று கிடைக்கும் என்று இங்குள்ளவர்கள் சொல்வதில் மிகை அதிகம் இல்லை என்பதை என் தோள்பட்டை அறியும்.

கடந்த ஆகஸ்டில் நடந்த ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. அன்று மேல்நீரின் வெப்பம் 27 பாகை செல்சியஸாக இருந்தது. என்னுடன் வந்த நண்பர் பாஸ் மீனுக்கு உரிய மெல்லிய கோலில் வீசிக்கொண்டிருந்தபோது 46 அங்குல மஸ்கி ஒன்று கவ்விவிட்டது. மெல்லிய தூண்டில் நரம்பு அறுந்துவிடுமோ என்று அஞ்சி அவர் மீனை நெடுநேரம் ஓடவிட்டு, ஓடவிட்டு இழுத்தார். வள்ளத்தில் ஏற்றிய பின்னர் மூன்று கைபேசிகளில் படம் எடுத்தோம். தண்ணீரில் விட்டபோது அது வாலை அசைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போனது; நாங்களும் மகிழ்ச்சியுடன் கைகுலுக்கிக்கொண்டோம். மாலையில் கரைக்குத் திரும்பும் வழியில், நாணல் ஓரத்தில் வெள்ளை வயிறு மேலே தெரிய அதே மீன் மிதந்தது. முதுகுத் துடுப்பில் இருந்த பழைய கிழிசலைக் கொண்டு அடையாளம் கண்டோம். வள்ளத்தின் முன்பக்கத்தில் இருந்த என் ஒன்பது வயது மகள், "நாங்கள் விட்டுவிட்டோம்தானே அப்பா, பிறகு ஏன் செத்தது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அவள் பெரியவளாகும் காலத்திலும் இந்த ஏரிகளில் மஸ்கி இருக்க வேண்டும் என்பதே என் கவலை. அதற்கு, எத்தனை அங்குலத்துக்கு மேற்பட்ட மீனை வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்லும் அளவு வரம்பை இன்னும் உயர்த்த வேண்டுமா, மீன்குஞ்சுகளைக் கூடுதலாக விட வேண்டுமா, கோடையில் சில வாரங்களுக்குத் தூண்டிலை நிறுத்த வேண்டுமா, அல்லது பிழை முழுவதும் எங்கள் கைகளில்தான் இருக்கிறதா? பல ஏரிகளில் பழகியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒட்டாவா ஆற்றோரம்:

அண்ணா, உங்கள் மகளின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கடுமையாகப் போராடிய மீனின் தசைகளில் அமிலம் சேர்கிறது. அதைத் தணித்து மீள்வதற்கு அதற்கு உயிர்வளி மிகுதியாகத் தேவைப்படுகிறது. நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் உயிர்வளியோ குறைந்துகொண்டே போகிறது. போதாததற்கு, அந்த நிலையிலேயே நாம் அதைக் காற்றில் தூக்கிப் பிடிக்கிறோம். அது நீந்திப் போனது உண்மைதான். ஆனால் நீந்திப் போவதும் பிழைத்துக்கொள்வதும் ஒன்றல்ல. மேல்நீர் 26 பாகையைத் தாண்டினால் நான் மஸ்கிக் கோலைத் தொடுவதில்லை. சட்டம் அதைக் கேட்கவில்லை என்றாலும், இங்கே பழகிய பலரும் ஏறக்குறைய அந்த அளவிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள்.

அதற்காக, பிடித்து விடுவது வீண் என்று நினைத்துவிடாதீர்கள். கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒட்டாவா ஆற்றில் மஸ்கிகளுக்கு வானொலி அலைபரப்பி பொருத்தி, விட்ட பின்னர் அவை எங்கே போகின்றன என்று பின்தொடர்ந்தார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வில், இந்த மீனையே நாடிப் பழகிய தூண்டில்காரர்கள் உரிய கருவிகளால் பிடித்துவிட்ட மீன்கள் எதுவும் இறக்கவில்லை. இன்னொரு பக்கம், விஸ்கான்சினில் உயிருள்ள சக்கர் மீனை ஒற்றை முள்ளில் கோத்து, மஸ்கி அதை விழுங்கும் வரை காத்திருந்து இழுக்கும் பழைய முறையைச் சோதித்தபோது, முள்ளை வயிற்றில் சுமந்துகொண்டு போன மீன்களில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் இறந்துபோயின. இரண்டு பக்கத்தாரும் மீனை விட்டவர்கள்தான் என்பதை மறக்கக் கூடாது.

என் வழக்கத்தைச் சொல்கிறேன், பயன்படுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதடிக் கோலும் 80 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பும் இல்லாமல் நான் மஸ்கி இருக்கும் நீரில் வீசுவதில்லை. மீனைச் சில நிமிடங்களில் கைவலைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம். ரப்பர் பூசிய பெரிய வலையை வள்ளத்தின் ஓரத்திலேயே தண்ணீருக்குள் வைத்துக்கொண்டால், அதுவே மீனுக்குத் தொட்டியாகிவிடும். மும்முனை முள் ஆழமாகப் பதிந்திருந்தால் அதைப் பிடுங்கக் கூடாது. முள் வெட்டும் குறட்டால் நறுக்கிவிட வேண்டும். போனால் ஒரு முள், அவ்வளவுதான். படம் வேண்டும் என்றால் கைபேசியை இயக்கிவிட்டு, பிடிப்பவர் நிற்கும் இடத்தையும் முடிவு செய்த பிறகே மீனைத் தூக்க வேண்டும்: ஒரு கை செவுள் மூடியின் உட்புறத்தில், செவுளைத் தொடாமல்; மற்றொரு கை வயிற்றின் கீழே; உடல் கிடைமட்டமாக. தூக்கும்போது நான் என் மூச்சையும் அடக்கிக்கொள்வேன். எனக்கு மூச்சு முட்டும் முன்பே மீன் தண்ணீருக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

அன்று உங்கள் வள்ளத்தில் நடந்தவற்றில் வெப்பம், மெல்லிய கோல், மூன்று படங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்துகொண்டன. இவற்றில் ஒன்று இல்லாமல் இருந்திருந்தாலும் அது பிழைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

லீச் ஏரிக்காரர்:

வணக்கம் ஐயா. நான் மினசோட்டாவில் இருபது ஆண்டுகளாக வாழ்கிறேன். இங்கே நடந்ததைச் சொன்னால், எது பலன் தந்தது, எது தரவில்லை என்பது உங்களுக்கு ஓரளவு விளங்கும்.

1955 ஜூலையில் லீச் ஏரியில் மஸ்கிகள் திடீரென்று வெறிகொண்டது போலக் கவ்வத் தொடங்கின. சில வாரங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பெரிய மீன்கள் பிடிபட்டன. பிடிபட்டவை அனைத்தும் கொல்லப்பட்டன. வரிசையாகத் தொங்கும் மீன்களுக்குப் பக்கத்தில் மனிதர்கள் சிரித்துக்கொண்டு நிற்கும் அக்காலப் படங்களை இன்றும் இங்குள்ள விடுதிகளின் சுவர்களில் பார்க்கலாம். அன்றைக்கு அது பெருமை. உலகச் சாதனை என்று இன்றும் வாதிடப்படும் இரண்டு மீன்களும் 1949-இல் விஸ்கான்சினின் ஹேவர்ட் பகுதியில்தான் பிடிபட்டன. லூயி ஸ்ப்ரே பிடித்ததாகச் சொல்லப்படும் 69 பவுண்டு 11 அவுன்ஸ் மீனை ஒரு சாரார் ஏற்கிறார்கள். கால் ஜான்சனின் 67 பவுண்டு 8 அவுன்ஸ் மீனை மற்றொரு சாரார் ஏற்கிறார்கள். அந்தப் போட்டி மனப்பான்மை எத்தனை முதிர்ந்த பெண் மீன்களின் உயிரைக் குடித்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மிகப் பெரிய மஸ்கிகள் அனைத்தும் பெண் மீன்கள்தாம் என்பதைப் புதியவர்கள் அறிய வேண்டும்.

1966-இல் செயின்ட் பால் நகரத்தில் கில் ஹாம் என்பவர் மஸ்கீஸ் இன்க் என்னும் அமைப்பைத் தொடங்கிப் "பிடி, விடு" என்று சொன்னபோது பலருக்கு அது விளங்கவில்லை. ஒரு தலைமுறைக்குள் நிலைமை தலைகீழானது. இன்று மஸ்கியைக் கொன்று கொண்டுவருபவரைப் படகுத்துறையில் யாரும் பாராட்டுவதில்லை. தோலை உரித்துப் பாடம் செய்வதற்குப் பதிலாக, நீளத்தையும் சுற்றளவையும் குறித்துக்கொண்டு கண்ணாடியிழையில் உருவம் செய்து சுவரில் மாட்டிக்கொள்கிறார்கள். சட்டமும் பின்தொடர்ந்தது: எங்கள் மாநிலத்தில் குறைந்தபட்ச அளவு 48 அங்குலமாக இருந்து, 2015-இல் 54 அங்குலமாக உயர்ந்தது. ஒரு பெண் மீன் 50 அங்குலம் வளரவே பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆகும்போது, அந்த அளவில் கொல்ல அனுமதிப்பது எந்த வகையில் நியாயம்?

ஆனால் குஞ்சு விடுவதில் நாங்கள் ஒரு பாடத்தை நெடுங்காலம் கழித்தே கற்றோம். முன்பெல்லாம் ஷூபேக் என்னும் ஒரு சிறிய ஏரியின் இனவழியிலிருந்து குஞ்சுகளை எடுத்து ஊரெங்கும் விட்டார்கள். அந்த மீன்கள் இயல்பாகவே சிறிய அளவோடு நின்றுவிடுபவை. 1980-களில் லீச் ஏரியின் இனவழிக்கு மாறிய பிறகுதான் மினசோட்டாவின் மஸ்கி, மஸ்கியாக வளரத் தொடங்கியது. அவ்வழி மீன்கள் விடப்பட்ட மில் லாக்ஸ் ஏரியில் 2021 நவம்பரில் பிடிபட்ட மீன் 55 பவுண்டுக்கும் மேல் எடை இருந்து, 1957 முதல் நின்ற மாநிலச் சாதனையை முறியடித்தது. எத்தனை குஞ்சுகள் என்பதைவிட எந்த ஏரியின் குஞ்சுகள் என்பதே முக்கியம் என்று அப்போதுதான் புரிந்தது.

இன்று எங்களுக்கு இருக்கும் பெரிய இடர் வேறு. புதிய ஏரிகளில் மஸ்கி விடுவதை ஏரிக்கரை வீட்டுக்காரர்களின் சங்கங்கள் சில இடங்களில் கடுமையாக எதிர்க்கின்றன. அவர்கள் விரும்பிப் பிடிக்கும் வாலாய் என்னும் மீனையெல்லாம் மஸ்கி தின்றுவிடும் என்பது அவர்கள் அச்சம். சட்டமன்றம் வரைக்கும் அந்தத் தகராறு போயிருக்கிறது. மஸ்கி விடப்பட்ட 41 மினசோட்டா ஏரிகளில் மற்ற மீன்களின் நிலையை ஆராய்ந்தபோது, அவை பொதுவாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. மஸ்கியின் வயிற்றை ஆராய்ந்த ஆய்வுகளிலும் மஞ்சள் பெர்ச்சும் சக்கரும்தாம் மிகுதி. இருந்தும், ஆய்வறிக்கையை நீட்டி ஒருவரின் மனத்தை மாற்றிவிட முடியாது. கூட்டத்துக்குப் போய், அவர்களுடைய பேரன் பேத்திகள் வாலாய் பிடிக்கும் ஏரியைப் பற்றிய கவலையை முழுமையாகக் கேட்டுவிட்டு, பிறகு பேச வேண்டும். நான் அப்படிப் போன கூட்டங்களில் இருமுறை தோற்றிருக்கிறேன். ஒருமுறை மட்டும், எதிர்த்துப் பேசிய முதியவர் ஒருவர் அடுத்த வாரம் என் படகில் ஏறி வந்தார்.

வடகரை:

எல்லோரும் நம்மையே குறை சொல்லிக்கொள்கிறோம். விஸ்கான்சின் பக்கத்தில் ஓஜிப்வே பழங்குடி மக்கள் வசந்த காலத்தில் ஈட்டியால் குத்திப் பிடிக்கிறார்களே, அதை ஏன் எவரும் பேசுவதில்லை? அதை நிறுத்திவிட்டு, மாநில அரசு ஆண்டுதோறும் ஒவ்வோர் ஏரியிலும் நிறையக் குஞ்சுகளை விட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதே என் கருத்து.

ஹேவர்ட் வாசி:

தம்பி, நீங்கள் கோபத்தோடு எழுதவில்லை என்று நம்புகிறேன். ஆனாலும் அந்த வரிகளுக்கு மறுமொழி சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஓஜிப்வே மக்கள் 1837-இலும் 1842-இலும் அமெரிக்க அரசுக்கு நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, வேட்டையாடும் உரிமையையும் மீன்பிடி உரிமையையும் தங்களுக்கு என்று ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டார்கள். 1983-இல் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவர்கள் ஈட்டியால் எடுப்பதில் மிகப் பெரும்பகுதி வாலாய். மஸ்கி மிகச் சிலவே. ஏரிவாரியாக வரம்பு வகுத்து, படகுத்துறையிலேயே எண்ணிப் பதிவு செய்கிறார்கள். நாம் விட்டுவிட்டு வந்த மீன்களில் எத்தனை மிதந்தன என்பதை எவரும் எண்ணவில்லை. மஸ்கி என்ற பெயரே அவர்கள் மொழியின் "மாஷ்கினோஷே" என்ற சொல்லிலிருந்து வந்தது. இந்த மீனின் எதிர்காலத்தைப் பேசும் இடத்தில் அவர்களுக்கு முதல் வரிசையில் இருக்கை உண்டு.

குஞ்சு விடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மஸ்கி கூடு கட்டுவதில்லை. வசந்தத்தில் ஆழமற்ற குடாக்களில், செடிகளின் மேலும் சருகுகளின் மேலும் முட்டைகளைத் தூவிவிட்டுப் போய்விடும். அந்த முட்டைகள் செடிகளில் உறுதியாக ஒட்டிக்கொள்ளாமல் பெரும்பாலும் அடித்தளத்துக்கு இறங்கிவிடுகின்றன. அடித்தளம் அழுகிய சேறாக, உயிர்வளி அற்றதாக இருந்தால் அவை பொரிக்காமலே இறந்துவிடும். இதை 1980-களில் இந்தப் பகுதி ஏரிகளில் ஆராய்ந்து எழுதியவர் மைக் டாம்பெக். பின்னாளில் அமெரிக்க வனத்துறையின் தலைவராகவே ஆனார். கரையில் புல்வெளி போட்டு உரம் தெளிக்கிறோம். குளிப்பதற்கு இடைஞ்சல் என்று நாணலைப் பிடுங்குகிறோம். விழுந்த மரத்தை அசிங்கம் என்று இழுத்துப் போடுகிறோம். பிறகு, ஏரியில் மஸ்கி தானாகப் பெருகவில்லை, குஞ்சு விடுங்கள் என்று மாநிலத்திடம் கேட்கிறோம்.

நான் 1998-இல் இங்கே வந்தபோது என் வீட்டுக்கு எதிர்ப்புறக் குடாவில், மே மாதத் தொடக்கத்தில், முழங்காலளவு தண்ணீரில் இரண்டு மஸ்கிகள் பக்கத்தில் பக்கம் ஒட்டியபடி மெதுவாக நகர்வதைப் பார்த்திருக்கிறேன். பெரியது பெண், அதன் விலாவோடு ஒட்டியிருந்த சிறியது ஆண். அவ்வப்போது இரண்டு உடல்களும் ஒருசேர நடுங்கும்; நீரில் ஒரு சிறு கலக்கம் எழும்; மறுபடியும் நகரும். இப்போது அந்தக் குடாவில் நான்கு படகுத்துறைகள் இருக்கின்றன. எட்டு ஆண்டுகளாக அந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை.

குஞ்சு விடுவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. மஸ்கி அற்றுப்போயிருந்த, மிச்சிகன் ஏரியின் கிரீன் பே குடாவில் 1989 முதல் புள்ளி மஸ்கிகளை விட்டு வளர்த்தார்கள். இன்று அங்கே ஐம்பது அங்குல மீன்கள் கிடைக்கின்றன. அற்றுப்போன இடத்தில் அது மருந்து. முட்டையிடும் இடம் இன்னும் உயிரோடு இருக்கும் ஏரியில், அந்த இடத்தைக் காப்பதே முதல் வேலை. கவார்த்தா ஏரிகள் அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்று அறிகிறேன். அந்தச் செல்வத்தை இழந்துவிடாதீர்கள்.

கவார்த்தா வள்ளம்:

பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஹேவர்ட் ஐயா சொல்வது சரி: எங்கள் ஏரிகளில் மஸ்கி தானாகவே பெருகுகிறது. ஆனால் இங்கே ஒரு புதிய கவலையும் உண்டு. ட்ரென்ட் செவர்ன் நீர்வழியின் வழியாக நார்தர்ன் பைக் மீன் மேற்குப் பக்க ஏரிகளுக்குள் வந்துவிட்டது. மஸ்கிக்கு முன்னதாகவே, பனி உருகியவுடன் அது முட்டையிடுகிறது. மஸ்கிக் குஞ்சுகள் பொரிக்கும் நேரத்தில் பைக் குஞ்சுகள் அவற்றைத் தின்னும் அளவுக்கு வளர்ந்துவிடுகின்றன. நீர்வழியின் மதகுக் கடவைகளுக்கு அருகில் பைக் பிடிபட்டால் எங்கே பிடித்தோம் என்று குறித்து அறிவிப்பதை இனி நான் ஒரு கடமையாகவே கொள்வேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். முன்னோக்கிப் பார்க்கும் சோனார், அதாவது ஒலியலையால் மீனைத் திரையில் காட்டும் கருவி, பொருத்திய படகுகள் இங்கே பெருகிவிட்டன. திரையில் மீனைப் பார்த்து, அதன் மூக்கின் முன்னே வீசுகிறார்கள். இதைப் பற்றி உங்கள் பகுதிகளில் என்ன நினைக்கிறார்கள்?

லீச் ஏரிக்காரர்:

ஐயா, என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். இந்த மீன் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம், ஏரியின் பெரும்பகுதி அதற்கு ஒளிவிடமாக இருந்ததுதான். நாம் செடி ஓரத்திலும் பாறைத் திட்டிலும் வீசிக்கொண்டிருந்தபோது, பெரிய பெண் மீன்கள் நடு ஏரியில் சிஸ்கோ என்னும் இரை மீன் கூட்டங்களின் பின்னால் எவர் கண்ணிலும் படாமல் திரிந்தன. அந்த ஒளிவிடம் இப்போது இல்லை. ஆழத்திலிருந்து விரைவாக மேலே இழுக்கப்படும் மீனுக்கு அழுத்த மாற்றத்தால் காற்றுப்பை வீங்கும் ஆபத்தும் இருக்கிறது. கருவியை வாங்கியவர்களை நான் பழிக்கவில்லை, என் தம்பியின் படகிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் ஒரே மீனை ஒரே கோடையில் நான்கு பேர் பிடித்துவிட்டால், நான்கு பேரும் திறமையாக விட்டாலும், அந்த மீனுக்கு அது நான்கு போராட்டங்கள். பழைய கணக்குகள் அனைத்தும் பத்தாயிரம் வீச்சு என்ற காலத்தில் போட்டவை. அளவு வரம்பை மட்டும் நம்பிக்கொண்டிருக்க இனி முடியாது என்பது என் எண்ணம்.

ஒட்டாவா ஆற்றோரம்:

இதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். டொராண்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தில் எட் கிராஸ்மன் என்ற அறிஞர், இறந்த மஸ்கிகளின் தோள் எலும்பைத் தூண்டில்காரர்களிடமிருந்து பல ஆண்டுகள் சேகரித்தார். மரத்தின் வளையங்களைப் போல அந்த எலும்பிலும் ஆண்டுக் கோடுகள் விழும். சில மீன்கள் முப்பது ஆண்டுகள் வரை வாழ்ந்ததை அவற்றிலிருந்தே அறிந்தார்கள். எங்கள் மாகாணத்தின் அளவு வரம்புகளுக்கு அந்த எலும்புகள் பெரிதும் துணை நின்றன. செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் 2005-ஐ ஒட்டிப் பரவிய தீநுண்மி நோயில் முதிர்ந்த மஸ்கிகள் பெருந்தொகையாக இறந்து மிதந்தபோதும், முதலில் கண்டு சொன்னவர்களில் தண்ணீரில் இருந்தவர்கள் பலர் இருந்தார்கள். ஆகவே நீங்கள் பிடிக்கும் ஒவ்வொரு மீனின் நீளம், நாள், நீர் வெப்பம், விட்டபோது இருந்த நிலை ஆகியவற்றை எழுதி வையுங்கள். அந்த வேலையை உங்கள் மகளிடமே கொடுங்கள்.

கவார்த்தா வள்ளம்:

கொடுத்துவிட்டேன். நேற்று கடையில் கயிறு கட்டிய வெப்பமானி ஒன்றையும் கோடு போட்ட கொப்பி ஒன்றையும் அவளே தெரிந்தெடுத்தாள். முதற் பக்கத்தில் கடந்த ஆகஸ்டின் அந்த 46 அங்குல மீனைத்தான் பதிந்திருக்கிறாள். நிலை என்ற இடத்தில் "செத்தது, தண்ணீர் 27" என்று எழுதியிருக்கிறாள். அந்த நண்பரிடமும் நேற்றிரவு பேசினேன். மெல்லிய கோலுடன் மஸ்கி நீருக்கு இனி வருவதில்லை என்றும், அக்டோபரில் என்னுடைய இரண்டாவது கோலைக் கேட்டு வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். முள் வெட்டும் குறட்டில் எந்த அளவு வாங்க வேண்டும் என்பதை மட்டும், ஒட்டாவாத் தம்பி, நேரம் இருக்கும்போது எழுதுங்கள்.